சந்தை நாளுக்கு ஏற்ற டிஸ்க்

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது தேனு ஒன்று சொன்னாள். அவள் கம்பெனியில் புதிதாக ஒரு சர்வர் வேண்டுமென்றால் யாரும் எதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லையாம். திரையில் ஒரு பட்டியல் வருமாம். எந்த வகை டிஸ்க் வேண்டும் என்று அதில் நாலைந்து இருக்குமாம். ஒன்றைத் தொட்டால் போதும், எங்கேயோ இருக்கிற சர்வரில் அது சேர்ந்துகொள்ளுமாம்.

"நீ எதைத் தொடுவ கண்ணு?" என்று கேட்டேன்.

"மொதல்ல இருக்கறதத்தானுங்கப்பா. எல்லாரும் அதத்தான் தொடுவாங்க."

"அது எதுக்கு ஆகும், எத்தனை பேரு அதுல வேலை செய்வாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்களா?"

"அந்தப் பொட்டியே கேக்குமுங்கப்பா. நாங்க சரி சரின்னு அழுத்திட்டுப் போயிருவோம்."

போனை வைத்தபிறகு ரசம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டேன். உங்கள் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஊட்டுல ஒரு மனுசனுக்குச் சோறு எறங்கலைன்னா அதுக்கொரு காரணம் இருக்கோணும். டிஸ்க்கெல்லாம் ஒரு காரணமா?" என்றாள்.

காரணம்தான். அதனால் தேனுவும் குமருவும் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் குமரு திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

மலை மேல் சோளக்காடு ஊரில் நான் வேலை பார்த்த சங்கம் உங்களுக்குத் தெரியும், அதனால் பெயர் வேண்டாம். மலையில் விளையும் மிளகு, காப்பி, பலா, ஆரஞ்சு எல்லாவற்றையும் எடை போட்டு வாங்கி, சீட்டுக் கொடுத்து, கீழே அனுப்புகிற இடம். நான் எடை போடுகிறவனாகச் சேர்ந்தேன். தராசு படிக்கக் கற்றேன், மிளகில் ஈரம் பார்க்கக் கற்றேன், வெயிட் கல்லைக் காலில் போட்டுக்கொண்டு கத்தாமல் இருக்கவும் கற்றேன். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம். இரண்டாயிரமாவது வருஷம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஐந்து மேசை, ஐந்து கம்ப்யூட்டர். சாக்கு அடுக்கி வைத்திருந்த சின்ன அறையில் ஆறாவதாக ஒன்று. அதன் திரையில் யாரும் வேலை செய்ய மாட்டார்கள். ஐந்து மேசையும் கேட்பதை எடுத்துக்கொடுப்பதும், சொல்வதை எழுதி வைப்பதும்தான் அதன் வேலை. அதுதான் சர்வர். எந்த விவசாயி எப்போது என்ன கொண்டுவந்தார் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிற டிஸ்க்கில் இருந்தது.

அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் ஜமால் சார். மலையடிவாரத்தில் இருக்கிற சேந்தமங்கலத்துக்காரர். அவர்கள் குடும்பம் அங்கே கயிறு, பெயின்ட், ஆணி, பைப் விற்கிற கடை வைத்திருந்தது. சார் சேலத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவர். மலை சனங்கள் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபமே வராது. கோபம் வர வேண்டிய இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதிகமாகத் துடைத்தால் அன்றைக்குப் பெரிய கோபம் என்று அர்த்தம்.

சர்வர் அறைக்கு உதவியாளாக அவர் என்னைத் தேர்ந்தெடுத்தது என் மூளையைப் பார்த்து அல்ல. வந்த முதல் நாள் எல்லாருடைய கையையும் நீட்டச் சொன்னார். பலா சீசன். எல்லார் கையிலும் பலாப்பால் பிசுக்கு. நான் மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தேன். "நீங்க வாங்க" என்றார். அந்தக் குளியலால்தான் உங்கள் இருவருக்கும் பள்ளிக்கூட பீஸ் கட்டினேன்.

அந்த அறைக்குள் போவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். செருப்பு வெளியே. கையில் விளக்கெண்ணெய் தடவிப் பலாப் பிசுக்கு போக்க வேண்டும், பிறகு சோப்பு. துடைத்த பிறகு ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் கம்பிக்குப் போய்விடும் என்பார். நான் சாமி கும்பிடுகிற மாதிரி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "ஒத்திக்க வேண்டியதில்ல ராமசாமி, தொட்டாப் போதும்" என்றார். பழக்கம் விடவில்லை.

சர்வரை நிறுத்துவதாக இருந்தால் ஐந்து மேசைக்கும் நடந்து போய், ஒவ்வொருவரிடமும் "முடிச்சுட்டீங்களா?" என்று கேட்டு, "முடிச்சாச்சு" என்று வாயால் சொல்லக் கேட்ட பிறகுதான் நிறுத்துவார். தலையாட்டினால் ஏற்றுக்கொள்ள மாட்டார். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிப்போடுவது எங்கள் மலைப் பழக்கம். ஒரு மேகம் முனகினாலே மேசைகளில் வேலை செய்கிற ஐந்து பெண்பிள்ளைகளும் பிளக்கை நோக்கி ஓடுவார்கள். சார் கதவில் கையை விரித்து நின்று, "மொதல்ல முடிச்சாச்சுன்னு சொல்லுங்க, அப்புறம் பயப்படுங்க" என்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சர்வரில் இருந்தது சாதா டிஸ்க். வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிற அதே வகை. ஐ.டி.ஈ. என்பார்கள். வாங்கித் தந்தது கீழே இருக்கிற ஹெட் ஆபீஸ். அங்கிருந்து ஒரு இஞ்சினியர் வந்து சோதனையும் செய்தார். சந்தை இல்லாத நாள், ஈ காக்கை இல்லை. ஒரு பெரிய பைலை ஒரு மேசையிலிருந்து சர்வருக்கு அனுப்பினார். விர்ரென்று போனது. "ராக்கெட்!" என்றார். காப்பி குடித்துவிட்டு இறங்கிவிட்டார்.

அடுத்த சந்தை நாளில் அந்த ராக்கெட் மாட்டுவண்டி ஆனது. ஐந்து மேசையும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு விவசாயியின் கணக்கைக் கேட்க, உள்ளே டிஸ்க் கரக் கரக் என்று அரைக்க ஆரம்பித்தது. திரை உறைந்து நிற்கும். சீட்டு வருவதற்குள் வரிசை ரோடு வரைக்கும் நீண்டுவிடும். கடைசி பஸ் ஹாரன் அடிக்கும். பாதிப் பேர் சீட்டு வாங்காமல் பஸ் ஏறிவிட்டு ஜன்னல் வழியாக எங்களைத் திட்டிக்கொண்டே போவார்கள்.

"இது டிஸ்க்கோட தப்பில்ல. ஆள் எடுத்தவன் தப்பு" என்றார் சார்.

எனக்குப் புரியவில்லை. மறுநாள் கீழே ஒரு வேலையை முடித்துவிட்டுச் சேந்தமங்கலத்திலிருந்து மலை பஸ்ஸில் ஏறினோம். அந்த ரூட்டில் இரண்டு கண்டக்டர்கள். அன்று இருந்தது இளவட்டம். யார் கூப்பிட்டாலும் அங்கே ஓடுவார். முன்னால் ஒரு டிக்கெட், பின்னால் ஒரு டிக்கெட், மறுபடி முன்னால். வளைவில் இரண்டு பேர் மடியில் உட்கார்ந்து எழுந்தார்.

"பாத்தீங்களா? சாதா டிஸ்க்குக்குள்ள ஒரு முள்ளு ஓடும். அது இந்தப் பையன்தான்" என்றார் சார். "பஸ்ஸுல ஒருத்தரே இருந்தா நல்லா டிக்கெட் போடுவான். பஸ் நெறஞ்சா ஓடியே செத்துருவான். சாயங்காலம் வர்ற பெரியவரு என்ன பண்றாரு? முன்னாடி நின்னுக்கிட்டு எல்லாரும் எறங்குற எடத்தச் சொல்லுங்கன்னு கேட்டுக்கறாரு. அப்புறம் ஒரே நடையில பின்னாடி வரைக்கும் கொடுத்துட்டு வந்துர்றாரு. அதுதான் ஸ்கஸி டிஸ்க். அஞ்சு மேசை கேக்கறதையும் வரிசை போட்டு வெச்சுக்கிட்டு, பக்கத்துல இருக்கறத மொதல்ல எடுத்துட்டு, ஒரே போக்கா போகும்."

"ஏனுங்க சார், அந்தப் பெரியவருக்குச் சம்பளம் ஜாஸ்திங்களா?"

சார் கண்ணாடியைத் துடைத்தார். "அதுதான் பிரச்சினையே."

ஸ்கஸி டிஸ்க் விலை அதிகம். அதை மாட்ட உள்ளே ஒரு தனி அட்டை வேறு வேண்டும். அதற்கும் விலை. ஹெட் ஆபீஸில் பரமசிவம் சார் என்று ஒரு பெரிய அதிகாரி இருந்தார். அவரிடம் ஜமால் சார் போனில் எல்லாவற்றையும் சொன்னார். கண்டக்டர் கதையையும் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கே கேட்டது.

"ஜமால், எதுக்கு இத்தனை சிரமம்? ஆபீஸைச் சேந்தமங்கலத்துக்கு இறக்கிருவோம். கீழ சந்தைக் கூட்டம் வராது. ஒருத்தர் ஒருத்தரா வருவாங்க. சாதா டிஸ்க்கே போதும். டிஸ்க்க மாத்தறதுக்கு ஆபீஸ மாத்தறது செலவு கம்மி."

ஒரு டிஸ்க்குக்குப் பொருத்தமாக ஒரு மலையையே இறக்கச் சொன்ன அதிகாரி அவர் ஒருத்தர்தான். கடைசியில் ஒன்று மட்டும் ஒப்புக்கொண்டார். நேரில் வருவார். கடைசி பஸ்ஸுக்குள் எல்லாருக்கும் சீட்டுக் கொடுக்க முடிகிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் ஆபீஸ் இறங்கும்.

நான் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். நீங்கள் இரண்டு பேரும் அப்போது சின்னப் பிள்ளைகள். நமக்கு மலை மேலேயே நம் ஊர்ப்பக்கம் அரியூர் நாட்டில் மரவள்ளிக் காடு, வயல் இரண்டு துண்டு, எல்லாம் இங்கே. "ஆபீஸ் எறங்குனா நாமளும் எறங்கோணும்" என்றேன்.

"காட்டையும் மூட்ட கட்டித் தூக்கியார முடியுமுன்னா நானும் வாரேன்" என்றாள். "இல்லீன்னா நீங்க மட்டும் போயி டிஸ்க்கோட குடும்பம் நடத்துங்க."

எனக்கே இப்படியென்றால், மற்ற சனங்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு மூட்டை மிளகை எடை போட எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். பரமசிவம் சாருக்குச் சந்தை நாளில் வர முடியாது, அன்றைக்கு எப்போதும் மீட்டிங். செவ்வாய்க்கிழமைதான் வருவேன் என்றார். செவ்வாய்க்கிழமை சோளக்காட்டில் நாய் கூட நிதானமாகப் படுத்திருக்கும். கூட்டமே இல்லாத நாளில் கூட்டத்தை எப்படிக் காட்டுவது?

"ஒத்திகை பண்ணலாம்" என்றார் ஜமால் சார். "ராமசாமி, உங்க பக்கத்து ஆளுங்களக் கூட்டியாங்க. சும்மா வந்து வரிசையில நின்னாப் போதும். பேரு, நம்பர் சொல்லட்டும். பொய்யா ஒரு எடை போட்டுக்கலாம், அப்புறம் அழிச்சிக்கலாம். டீயும் பன்னும் நம்ம செலவு."

சேலத்தில் அச்சகம் வைத்திருந்த அவர் சொந்தக்காரரிடம் ஒரு ஸ்கஸி டிஸ்க்கையும் அட்டையையும் இரண்டு நாள் கடன் வாங்கிவந்தார். திங்கட்கிழமையே மாட்டிப் பார்த்துக் கழற்றி வைத்தார். செவ்வாய் காலையில் சாதா டிஸ்க், மதியம் ஸ்கஸி. அதிகாரி இரண்டையும் கண்ணால் பார்ப்பார். திட்டம் இதுதான்.

நான் அரியூர் நாட்டில் ஊடு ஊடாகப் போய்ச் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வெள்ளையம்மா என்று ஒரு பெண்மணி, மலையிலேயே பெரிய பலாமரம் அவர்களுடையது, பேச்சும் அதே அளவு பெரியது. அவர் மட்டும் கேட்டார். "சும்மான்னா?"

"சும்மாதானுங்க. கைய வீசிக்கிட்டு வாங்க."

"தராசுக்கு முன்னால கைய வீசிக்கிட்டா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. முடிந்ததாக நான் நினைத்தேன்.

நான் யோசித்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வெறுஞ்சாக்கோடு தராசுக்கு முன்னால் யாரும் நிற்க மாட்டார்கள். அந்த வருஷ விளைச்சலே வெறும் சாக்காகப் போய்விடும் என்று ஒரு எண்ணம். எனக்கும் அந்த எண்ணம் உண்டு. ஆனால் சார் "பொய்யா ஒரு எடை" என்று சொன்னபோது கம்ப்யூட்டர் விஷயம்தானே என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வந்தார்கள். தலையில் மிளகு மூட்டை, தோளில் பலா, கூடையில் ஆரஞ்சு. ஒருவர் கையில் கோழி. "கோழி நாம வாங்கறதில்லீங்களே" என்றேன். "அது என்னோட தொணைக்கு வந்துச்சு" என்றார். இத்தனை பேர் சரக்கோடு போவதைப் பார்த்த மற்ற ஊர்க்காரர்கள், நமக்குச் சொல்லாமல் சந்தை நாளை மாற்றிவிட்டார்கள் போல என்று அவர்களும் கிளம்பிவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்து போண்டாக் கடைக்காரர் அடுப்பைப் பற்ற வைத்தார். வளையல்காரர் துணியை விரித்தார். பத்து மணிக்குச் சோளக்காட்டில் முழுச் சந்தை. அசல் சந்தையை விடக் கூட்டம்.

பரமசிவம் சாரின் ஜீப் கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் நின்றது. இறங்கி நடந்து வந்தார். பெரிய உருவம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. "என்ன ஜமால், இன்னைக்குச் சந்தை இல்லைன்னீங்க?"

"இல்லீங்க சார். இது ஒத்திகை."

அதிகாரி ஒரு ஆரஞ்சுக் கூடையைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். "ஒத்திகையே இப்படியா?"

நிஜச் சரக்கு வந்துவிட்டதால் நிஜ எடை போட வேண்டும், நிஜச் சீட்டுக் கொடுக்க வேண்டும். நாடக ஒத்திகைக்குக் கூட்டிவந்த மாப்பிள்ளை நிஜமாகவே தாலியைக் கட்டிவிட்ட கதை. நிறுத்த முடியாது. போதாததற்கு, சந்தை இல்லை என்று ஒரு பெண் லீவு போட்டிருந்தாள். ஐந்தாவது மேசை காலி.

ஜமால் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சார், நீங்க உக்காந்தா சோதனை சரியா இருக்கும்" என்றார். அதிகாரிக்கு மறுக்கவும் முடியவில்லை, நூறு கண் பார்க்கிறது. உட்கார்ந்தார். ஒரே விரலால் தட்டுகிறவர் அவர்.

முதலில் வந்தது வெள்ளையம்மா. ஒரே ஒரு பலா. ஆனால் அதைத் தராசில் வைக்க இரண்டு பேர் வேண்டும். நான் எடையைச் சொன்னேன். அதிகாரி அவர் நம்பரைத் தட்டி, எடையைத் தட்டி, என்டரை அழுத்தினார். திரை உறைந்தது. அறைக்குள் டிஸ்க் கரக் கரக். மறுபடி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. லிப்ட் வராவிட்டால் பட்டனைக் குத்துகிற மாதிரி குத்தினார்.

"ஏஞ்சாமி, அதுக்கு வலிக்காதா?" என்றார் வெள்ளையம்மா.

கொஞ்ச நேரம் கழித்து பிரிண்டர் உயிர் வந்து சீட்டைத் துப்ப ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நிற்கவில்லை. ஏழு சீட்டு. ஏழிலும் அதே பலா.

வெள்ளையம்மா விசிறி மாதிரி சீட்டுகளை விரித்துப் பிடித்தார். "நா கொண்டாந்தது ஒரு பழம். நீ ஏழு பழத்துக்குச் சீட்டுத் தர்ற. மிச்சம் ஆறுக்கு நா எந்த மரத்துல போயி ஏறட்டும் சாமி?"

வரிசையே சிரித்தது. அதிகாரியின் சட்டை நனைந்துவிட்டது. அதிகமாக விழுந்ததை ரத்து செய்ய உட்கார்ந்தார். ஒவ்வொரு ரத்துக்கும் டிஸ்க் ஒரு கரகர. பின்னால் ஆட்கள் "கடைசி பஸ் எங்கள உட்டுட்டுப் போயிரும், நாங்க இங்கயே குடியிருக்கோணும்" என்று சத்தம் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து மேசையும் சேர்ந்து முடித்தவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். அவர் எழுந்து, "ஜமால், அந்த இன்னொரு டிஸ்க்க மாட்டுங்கய்யா!" என்று கத்தினார்.

ஜமால் சார் அவசரப்படவில்லை. ஐந்து மேசைக்கும் போய் "முடிச்சுட்டீங்களா?" கேட்டார். அதிகாரியிடமும் கேட்டார். அவர் தலையாட்டினார். சார் அசையாமல் நின்றார். "முடிச்சாச்சுய்யா!" என்ற பிறகுதான் உள்ளே வந்தார். விளக்கெண்ணெய், சோப்பு, ஜன்னல் கம்பி. ஸ்கஸி டிஸ்க்கை வைத்தார், கேபிளை மாட்டினார். கேபிளின் கடைசி முனையில் விரல் நுனி அளவு ஒரு அடைப்பான் மாட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் கேபிளில் போகிற செய்தி முனையில் முட்டித் திரும்பிவந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். அந்த அடைப்பானைக் காணோம்.

நாங்கள் தேடாத இடமில்லை. சாக்குக்குள், டீ டம்ளருக்குள், கோழியின் கால் கீழே. சாரின் கண்ணாடி தேய்ந்தே போயிருக்கும்.

கதவுக்கு வெளியே நின்ற வெள்ளையம்மா, "பாய், சட்டப் பையக் கொட்டுங்க" என்றார்.

சார் கடைக்காரக் குடும்பம் அல்லவா, மிளகைக் கடித்தே தரம் சொல்லிவிடுவார். அதனால் வருகிறவர்கள் எல்லாம் கொஞ்சம் மிளகை அவர் சட்டைப் பையில் போட்டு, "பாத்துச் சொல்லுங்க பாய்" என்றுவிட்டுப் போவார்கள். பையைக் கவிழ்த்தார். ஒரு கைப்பிடி மிளகு, பஸ் டிக்கெட், இரண்டு ஏலக்காய், நடுவில் அடைப்பான். அதன் ஊசித் துளைகளில் மிளகுத் தூள். சார் ஊதினார். எட்டிப்பார்த்த பரமசிவம் சார் தொடர்ந்து தும்மினார். வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொரு தும்மலுக்கும் "நூறு வயசு, நூறு வயசு" என்று வாழ்த்தினார்கள். கணக்குப் பார்த்தால் அவர் இன்னும் பல தலைமுறை இருக்க வேண்டும்.

இருந்த கணக்கையெல்லாம் புது டிஸ்க்குக்கு ஏற்றும்வரை கூட்டம் போண்டா சாப்பிட்டது. பிறகு ஐந்து மேசையும் ஆரம்பித்தது.

நான் சர்வர் அறையில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். கரகரப்பு இல்லை. ஒரு சீரான முனகல். எனக்கு அது பெரியவர் கண்டக்டர் பஸ்ஸில் நடந்து வருகிற மாதிரியே இருந்தது. வெளியே பிரிண்டர்கள் மூச்சு விடாமல் சீட்டுப் போட்டன. பரமசிவம் சாரின் ஒரு விரலுக்கே வேகம் வந்துவிட்டது. "அடுத்து! அடுத்து!" என்று டிக்கெட் கிழிக்கிற மாதிரி கூப்பிட்டார். ஒரு கட்டத்தில் கோழிக்காரரை மூன்றாவது மேசையிலிருந்து தன் மேசைக்கு இழுத்தார். கடைசி பஸ் ஹாரன் அடித்தபோது வரிசையில் ஒருவரும் இல்லை. பஸ் முழுக்கச் சீட்டோடு போனது. யாரும் திட்டவில்லை. அன்றைக்குத்தான் அந்த ஜன்னல்களிலிருந்து கை ஆட்டியதைப் பார்த்தேன்.

நான் உள்ளுக்குள் ஆபீஸ் நிற்கிறது என்று கொண்டாடிக்கொண்டிருந்தேன். அதிகாரி சட்டையை உதறிக்கொண்டே எழுந்தார்.

"டிஸ்க் பிரமாதம் ஜமால். ஒத்துக்கறேன். ஆனா கீழ போனா இந்தக் கூட்டமே இருக்காதே. அப்ப இந்த டிஸ்க்கும் வேண்டாமே."

அந்த நேரம் பார்த்து ஜமால் சார், "சார், ஒண்ணு போதாதுங்க. ரெண்டு வேணும்" என்றார்.

"ரெண்டா!"

"ரெண்டும் ஒரே விஷயத்த எழுதும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு நிக்கும். எங்க கடையில கயிறு கேட்டு வந்தா எங்கத்தா, அதான் எங்கப்பா, மூணு கேள்வி கேப்பாரு சார். எதக் கட்டப் போறீங்க, ஒரே நேரத்துல எத்தனை பேரு இழுப்பாங்க, அறுந்தா யாரு அழுவாங்க. மூணுக்கும் பதில் வாங்காம கயித்துல கத்தி வெக்க மாட்டாரு. டிஸ்க்குக்கும் அதே கேள்விதான் சார். அழறவங்க யாருமில்லைன்னா சாதா டிஸ்க் போதும். இங்க அறுந்தா மலையே அழும்."

அதிகாரி ஜீப்பை நோக்கி நடந்தார். அப்போது இன்னொரு விஷயம் தெரியவந்தது. காலையில் அவர் ரத்து செய்தது ஆறு அல்ல. ஏழு சீட்டையுமே ரத்து செய்துவிட்டார். வெள்ளையம்மாவின் பலா தராசுப் பக்கத்தில் கணக்கில் இல்லாமல் கிடந்தது. மறுபடி பதியலாம் என்று சார் சொன்னார்.

"அட உடுங்க பாய்" என்றார் வெள்ளையம்மா. "ஏழு சீட்டுக் குடுத்த மகராசன், ஒரு பழமாச்சும் கொண்டு போகட்டும்." நானும் ஜீப் டிரைவர் மணியும் அதைத் தூக்கி ஜீப்பின் பின்சீட்டில், அதிகாரிக்குப் பக்கத்தில் வைத்தோம்.

மிச்சம், அடுத்த தடவை வந்தபோது மணி சொன்னதுதான்.

முதல் வளைவில் பழம் உருண்டு அதிகாரியின் இடுப்பில் முட்டியது. அடுத்த வளைவில் அந்தப் பக்கக் கதவில் முட்டியது. அதற்கடுத்த வளைவில் திரும்பி வந்தது. கீழே இறக்கி வைத்தார், கணுக்காலில் ஏறியது. காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டார், பழம் ஜீப்புக்குள் தன் இஷ்டத்துக்கு ஓடியது. கடைசியில் மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டை முழுக்க முள் தடம்.

"தூக்கிப் போட்டுரலாமுங்களா சார்?" என்று மணி கேட்டிருக்கிறான்.

"வேண்டாம்யா. அந்தம்மா கேட்டா என்ன சொல்றது?"

பாதி மலை இறங்கியதும் அவராகவே கேட்டாராம். "ஒரு பழத்துக்கே இந்தப் பாடு. மூட்டையும் கூடையுமா இவங்கல்லாம் எப்படிய்யா எறங்குவாங்க?"

"இப்ப எறங்கறதில்லீங்களே சார். ஆபீஸ் மேலயே இருக்குதுங்களே."

இன்னும் நாலு வளைவு. பழம் நெஞ்சில் இடித்தது.

"அப்ப மேலயே இருக்கட்டும்" என்றாராம்.

ஒரு டிஸ்க்கும் ஒரு அட்டையும் என்று நிற்காமல், இரண்டு டிஸ்க்குக்கும் உத்தரவு வந்தது. தினம் சாயங்காலம் டேப்பில் ஒரு நகல் எடுத்துக் கீழே அனுப்புவதற்கும் சேர்த்து. பழைய சாதா டிஸ்க்கைச் சார் வீணாக்கவில்லை. ஐந்தாவது மேசைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டார். அதில் அந்தப் பெண் பாட்டுப் போட்டு வைத்துக்கொண்டாள். அது போனால் அவள் ஒருத்திதான் அழுவாள்.

தேனு, அடுத்த தடவை அந்தப் பட்டியல் வந்தால் இந்த மூன்று கேள்விக்கும் பதில் வைத்துக்கொண்டு தொடு. முதலில் இருப்பதே சரியாகவும் இருக்கலாம். கேட்காமல் தொடாதே, அவ்வளவுதான் நான் சொல்வது.

புது டிஸ்க்குகளை நானும் சாரும் பஸ்ஸில்தான் கொண்டுவந்தோம். லோடு லாரியில் போட சார் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொன்றாகத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, எழுபது வளைவுக்கும் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு வந்தோம். பெரியவர் கண்டக்டர்தான் அன்றைக்கு. ஒரே நடையில் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தவர் எங்கள் மடியைப் பார்த்துவிட்டு, "அரை டிக்கெட்டுங்களா?" என்றார்.

முன்சீட்டிலிருந்து வெள்ளையம்மா திரும்பிப் பார்த்தார். "என்ன பாய், ஆளுக்கொரு கொழந்தையா?"

"இனிமே உங்க கணக்கெல்லாம் இதுக்குள்ளதானுங்க. ஏழு பழமும் பத்திரமா இருக்கும்" என்றார் சார்.

"ஒண்ணு பாய், ஒண்ணுதான்" என்றார் வெள்ளையம்மா. "அதையும் அந்த மகராசன் கட்டிப்புடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. ரெண்டு டிஸ்க்குலயும் அப்படியே எழுதி வைங்க."